மூளையின் கொலஸ்ட்ராலும் முதுமை மறதியும்

கொலஸ்ட்ரால் என்பது இன்று சிற்றூர் மருந்துக் கடைகளிலும் புழங்கும் சொல்லாகிவிட்டது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அதன் அளவு 200 மில்லிகிராமைத் தாண்டினால் வீட்டில் நெய்யும் முட்டையும் விலக்கப்படுகின்றன. அவ்வீட்டு முதியவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கினால் அதே சீட்டு மீண்டும் கையிலெடுக்கப்படுகிறது. கொழுப்பு மிகுந்ததால் மறதி வந்தது என்பார் ஒருவர். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையால் மூளை வறண்டுவிட்டது என்பார் மற்றொருவர். முன்னவர் பட்டினியை வற்புறுத்துவார். பின்னவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். இருவரும் ஒரு கருத்தில் மட்டும் ஒன்றுபடுகின்றனர். இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலும் மூளையில் உறையும் கொலஸ்ட்ராலும் ஒரே இருப்பைச் சேர்ந்தவை என்பதே அக்கருத்து. அது பிழையானது. அப்பிழையைக் களைந்தால்தான், கொலஸ்ட்ராலுக்கும் முதுமை மறதிக்கும் உள்ள உண்மையான உறவு புலப்படும்.

இது வெறும் அறிவியல் ஆர்வத்துக்குரிய செய்தியன்று. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 100-க்கு 7.4 பேர் டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதியால் பாதிக்கப்பட்டுள்ளனர் என 2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு தெரிவிக்கிறது. எண்ணிக்கையில் இது சுமார் 88 இலட்சம் பேராகும். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி என்பதும் அம்மதிப்பீட்டின் முடிவாகும். முதுமை மறதி பல நோய்களின் பொதுப்பெயர். அவற்றுள் பெரும்பங்கு அல்சைமர் நோய்க்குரியது. இரத்தக் குழாய்க் கோளாற்றால் வரும் மறதி அதற்கு அடுத்த நிலையில் நிற்கிறது. இரண்டிலும் கொலஸ்ட்ராலுக்குப் பங்குண்டு. ஆனால் பங்கின் தன்மை வேறு வேறு.

மூளையின் தனிக் கணக்கு

கொலஸ்ட்ரால் முதன்முதலில் கண்டறியப்பட்டது பித்தப்பைக் கற்களில்தான். பித்தம், திண்மம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்குப் பெயரிட்டவர் ஃபிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரல். 1834ஆம் ஆண்டில் குவெர்ப் என்பவர் அதே பொருள் மனித மூளையிலும் உள்ளதெனக் காட்டினார். மூளை வேதியியலின் முன்னோடியான துடிகும் 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மூளைக் கொழுப்புகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆகவே, இதயநோயோடு கொலஸ்ட்ராலின் பெயர் இணைவதற்கு நெடுநாள் முன்னரே மூளையோடு அது இணைந்துவிட்டது எனலாம். பிற்காலத்தில் இதயம் முந்திக்கொண்டது; மூளை மறக்கப்பட்டது.

உடல் எடையில் மூளையின் பங்கு 100-க்கு 2 மட்டுமே. ஆனால் உடலிலுள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய கால் பங்கு மூளையில் உள்ளது. எடைக் கணக்கில் இது சுமார் 30 முதல் 35 கிராம். இதன் பெரும்பகுதி நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்னும் உறையில் அடங்கியிருக்கிறது. மின்கம்பியைச் சுற்றியுள்ள காப்புறையைப் போல, நரம்புச் செய்தி கசியாமலும் விரைந்தும் செல்ல இவ்வுறை உதவுகிறது. எஞ்சிய பகுதி நரம்பணுக்களின் புறச்சவ்விலும், ஒரு நரம்பணு மற்றொன்றோடு செய்தி பரிமாறும் நரம்பிணைப்புகளிலும் உள்ளது. தனித்து வளர்க்கப்படும் நரம்பணுக்கள் மிகச் சில இணைப்புகளையே உருவாக்குகின்றன என்பதும், துணையணுக்கள் அருகிருந்தால் இணைப்புகள் பெருகுகின்றன என்பதும் ஆய்வுக்கூடங்களில் அறியப்பட்டிருந்தன. துணையணுக்கள் வழங்கும் அந்தப் பொருள் எது என்னும் கேள்விக்கு 2001ஆம் ஆண்டில் ஃபிரீகர் குழுவினர் விடை கண்டனர். அது கொலஸ்ட்ரால். நினைவு என்பது நரம்பிணைப்புகளைச் சார்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கண்டுபிடிப்பின் கனம் விளங்கும்.

இவ்வளவு கொலஸ்ட்ராலும் எங்கிருந்து வருகிறது? உணவிலிருந்து அன்று, கல்லீரலிலிருந்தும் அன்று. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே நுண்ணிய குழாய்ச் சுவர்களால் அமைந்த தடை ஒன்று உண்டு. இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் கொழுப்புப்புரதத் துகள்கள் அதனைக் கடப்பதில்லை. எனவே மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குழந்தைப் பருவத்தில் மையலின் உறை அமையும் காலத்தில் இந்த உற்பத்தி உச்சத்தில் இருக்கும். வளர்ந்த பின்னர், ஆஸ்ட்ரோசைட் என்னும் விண்மீன் வடிவத் துணையணுக்களே பெரும்பாலும் தயாரித்து நரம்பணுக்களுக்கு வழங்குகின்றன.

இரு கணக்குகளும் தனித்தனி என்பதற்கு ஓர் அழகிய சான்று அறுவை மருத்துவத்திலிருந்து கிடைத்தது. கொலஸ்ட்ராலைச் சுமக்கும் புரதங்களுள் ஒன்று அபோ-ஈ ஆகும். இதில் பரம்பரையாக வரும் வகைகள் உண்டு. கல்லீரல் மாற்று அறுவைக்கு உள்ளானோரின் இரத்தத்தில் காணப்பட்ட அபோ-ஈ, கல்லீரலை வழங்கியவரின் வகையாக மாறிவிட்டது. ஆனால் மூளையைச் சூழ்ந்துள்ள தண்டுவடத் திரவத்திலோ பெற்றவரின் பழைய வகையே நீடித்தது. 1991ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, மூளை தனக்கென்று தனியே சரக்கேற்றும் வண்டிகளையும் வைத்திருக்கிறது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது.

உள்ளே உற்பத்தியாவது வெளியேறவும் வழி வேண்டும். கொலஸ்ட்ராலைச் சிதைக்கும் ஆற்றல் மூளைக்கு இல்லை. நரம்பணுக்களிலுள்ள ஒரு நொதி, கொலஸ்ட்ரால் மூலக்கூற்றில் ஆக்சிஜன் அணு ஒன்றைப் பொருத்தி, 24-ஹைட்ராக்சி கொலஸ்ட்ராலாக மாற்றுகிறது. இவ்வடிவம் தடையை எளிதில் கடந்து இரத்தத்தை அடைந்து, கல்லீரலில் பித்த அமிலமாகி வெளியேறுகிறது. சுவீடன் நாட்டு அறிஞர் பியோர்கெம் குழுவினர் 1990-களில் இவ்வழியை விளக்கினர். நாளொன்றுக்கு இவ்வாறு வெளியேறும் அளவு 6 முதல் 7 மில்லிகிராம். அதாவது மூளையின் இருப்பில் ஏறக்குறைய 5,000-த்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெதுவாகப் புரளும் இருப்பு, நாம் ஒரு வாரம் உண்ட நெய்யினாலோ உண்ணாத நெய்யினாலோ அசைவதன்று.

தடை முற்றிலும் அடைபட்டதன்று என்பதையும் கூறிவிட வேண்டும். 27-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் என்னும் மற்றொரு வடிவம் எதிர்த்திசையில், இரத்தத்திலிருந்து மூளைக்குள் சிறிதளவு நுழைகிறது. இரத்தக் கொலஸ்ட்ரால் உயர்ந்தால் இதன் அளவும் உயர்கிறது. இரு கணக்குகளுக்கும் இடையே உள்ள சிறு சாளரம் இது. இதன் விளைவுகளைக் குறித்து ஆய்வுகள் தொடர்கின்றன.

சுமக்கும் வண்டி பழுதானால்

அல்சைமர் தம் பெயரால் அழைக்கப்படும் நோயை 1906ஆம் ஆண்டில் டூபிங்கனில் முதன்முதலாக விவரித்தபோது, இறந்த நோயாளியின் மூளையில் படிவுகளையும் நாரிழைச் சிக்கல்களையும் கண்டார். துணையணுக்களில் கொழுப்புப் பைகள் மிகுந்திருந்ததையும் அவர் குறித்து வைத்தார். படிவுகளும் சிக்கல்களும் புகழ் பெற்றன. கொழுப்பைப் பற்றிய குறிப்பு ஏறத்தாழ 90 ஆண்டுகள் உறங்கியது.

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசஸ் குழுவினர், முதிய வயதில் வரும் அல்சைமர் நோய்க்கும் அபோ-ஈ மரபணுவுக்கும் உள்ள தொடர்பை அறிவித்தனர். இம்மரபணு 19ஆம் குரோமோசோமில் உள்ளது. இதற்கு ஈ-2, ஈ-3, ஈ-4 என மூன்று வகைகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவரும் இரண்டினைப் பெறுகிறோம். அவர்கள் ஆராய்ந்த குடும்பங்களில் ஈ-4 ஒன்றும் இல்லாதோருக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 84. இரண்டும் ஈ-4 ஆக அமைந்தோருக்கு 68. ஈ-3க்கும் ஈ-4க்கும் உள்ள வேற்றுமை, 299 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம்தான். 112ஆம் இடத்தில் சிஸ்டைன் இருக்க வேண்டிய இடத்தில் அர்ஜினைன் அமர்ந்திருக்கிறது.

அந்த ஓர் எழுத்துப்பிழையின் விளைவு, சரக்கேற்றும் பணியில் தெரிகிறது. ஈ-4 வகைப் புரதம் கொலஸ்ட்ராலைக் குறைவாகவே ஏற்றிச் செல்கிறது. துணையணுக்களிலேயே கொழுப்பு தேங்குகிறது. மையலின் உறையைக் கட்டும் அணுக்களிலும் இதே நிலை என்று 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் காட்டினர். கொலஸ்ட்ரால் அணுவின் உள்ளே தவறான இடத்தில் குவிந்து கிடக்க, அது சேர வேண்டிய உறையோ மெலிந்திருந்தது. சைக்ளோடெக்ஸ்டிரின் என்னும் வளைய வடிவச் சர்க்கரைப் பொருளைக் கொடுத்துத் தேக்கத்தைக் கலைத்தபோது, சுண்டெலிகளின் மையலின் உறையும் நினைவாற்றலும் தேறின. மனிதருக்கு இதனைச் சிகிச்சையாகக் கொள்ள இன்னும் வழியில்லை. ஆனால் ஒரு செய்தி தெளிவாகிறது: கேடு கொலஸ்ட்ராலின் மிகுதியில் இல்லை, அதன் இடப்பெயர்ச்சியில் உள்ளது. களஞ்சியத்தில் தானியம் நிறைந்திருந்தும் ஊரில் பஞ்சம் நிலவுவதைப் போன்ற நிலை அது.

இதனை மேலும் உறுதிப்படுத்துவது நீமன்-பிக் சி எனப்படும் அரிய பரம்பரை நோய். இதில் அணுவின் உள்ளே கொலஸ்ட்ராலை விடுவிக்கும் புரதம் பழுதடைகிறது. இரத்தக் கொலஸ்ட்ரால் உயர்வதில்லை. எனினும் பள்ளி வயதுச் சிறுவர் நடை தளர்ந்து, பேச்சுக் குழறி, கற்றதை மறந்து போகின்றனர். அவர்களது மூளையில் அல்சைமர் நோயில் காண்பதைப் போன்ற நாரிழைச் சிக்கல்கள் காணப்படுகின்றன. மற்றொரு பரம்பரை நோயில், 27ஆம் இடத்தில் ஆக்சிஜனைப் பொருத்தும் நொதி குறைபடுவதால், கொலஸ்டனால் என்னும் பொருள் மூளையிலும் தசைநாண்களிலும் படிகிறது. சிறுவயதில் தீராத வயிற்றுப்போக்கு, இளமையிலேயே கண்புரை, பின்னர் குதிகால் நாணில் வீக்கம், இறுதியில் அறிவுத் தளர்ச்சி என்பது அதன் வழக்கமான வரிசை. சினோடீஆக்சிகோலிக் அமிலம் என்னும் மருந்தைக் காலத்தில் கொடுத்தால் இதனைத் தடுத்து நிறுத்த முடியும். மருத்துவ மாணவர்கள் இவ்வரிசையை மனத்தில் கொள்வது நலம். மருந்துள்ள மறதி நோய்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றைத் தவறவிடுவது பெரும் இழப்பாகும்.

மாத்திரையின் மீது வைத்த நம்பிக்கை

கொலஸ்ட்ரால் மிகுந்த தீனி கொடுக்கப்பட்ட முயல்களின் மூளையில் அமிலாய்டு புரதம் தோன்றுவதாக 1994ஆம் ஆண்டில் ஸ்பார்க்ஸ் குழுவினர் தெரிவித்தனர். நரம்பணுக்களிலிருந்து கொலஸ்ட்ராலை நீக்கினால் அமிலாய்டு உற்பத்தி குறைகிறது என்று 1998ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வு கூறியது. பின்லாந்தில் நடுவயதினரை ஏறத்தாழ 21 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2001ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நடுவயதில் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 6.5 மில்லிமோல், அதாவது நம் கணக்கில் சுமார் 250 மில்லிகிராம் அளவை எட்டியவர்களுக்குப் பிற்காலத்தில் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு மேலும் கூடியது. இத்தகைய சான்றுகளால் ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் மறதியைத் தடுக்கும் என்னும் நம்பிக்கை பரவியது.

சோதனைகள் அந்நம்பிக்கையைத் தாங்கவில்லை. 20,536 பேர் பங்கு கொண்ட பிரிட்டிஷ் ஆய்விலும், 70 முதல் 82 வயதுக்குட்பட்ட 5,804 பேரைக் கொண்ட மற்றோர் ஐரோப்பிய ஆய்விலும், மாத்திரை உண்டவருக்கும் உண்ணாதவருக்கும் அறிவாற்றலில் வேற்றுமை காணப்படவில்லை. இரண்டும் 2002ஆம் ஆண்டில் வெளியானவை. ஏற்கெனவே அல்சைமர் நோயுற்றோருக்கு ஸ்டாட்டின் கொடுத்த ஆய்வுகள் 2010, 2011ஆம் ஆண்டுகளில் முடிவுற்றன. இரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கியது. நோய் தன் வழியே சென்றது. அதேபோல், மாத்திரை மூளையைக் கெடுக்கிறது என்பதற்கும் இப்பெரும் ஆய்வுகளில் ஆதாரமில்லை. சிலருக்கு மறதி, குழப்பம் தோன்றுவதாகவும் மருந்தை நிறுத்தினால் அது நீங்குவதாகவும் 2012ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மருந்துக் குறிப்பில் சேர்த்தது. அத்தகைய ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் கூறி மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம். மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர் தாமாக நிறுத்திவிடுவது ஆபத்தானது. சிறு பக்கவாதங்களே இரத்தக் குழாய் வகை மறதிக்கு வழி வகுக்கின்றன என்பதால், மறதிக்கு அஞ்சி மாத்திரையைக் கைவிடுபவர் மறதியையே விலை கொடுத்து வாங்குகிறார்.

முரண்பாடு போல் தோன்றும் மற்றொரு செய்தியும் உண்டு. முதுமையில் அளந்தால், மறதி நோயாளியின் இரத்தக் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் குறைந்தே காணப்படுகிறது. ஹொனலூலுவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 26 ஆண்டுகள் கவனித்த ஆய்வு இம்முடிச்சை அவிழ்த்தது. பின்னர் மறதிக்கு ஆளானவர்களின் கொலஸ்ட்ரால், நோய் அறியப்படுவதற்குக் குறைந்தது 15 ஆண்டுகள் முன்பிருந்தே சரிந்து வந்திருக்கிறது. எழுபத்தைந்து வயதில் எடுத்த சீட்டில் காணும் தாழ்ந்த எண் நோயின் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அது நோயின் நிழலாகவும் இருக்கலாம். எண் ஒன்றே ஆயினும் 45 வயதில் அதற்கு ஒரு பொருள். 75 வயதில் வேறு பொருள்.

பல்லப்கர் தரும் பாடம்

நம் நாட்டுச் சான்றுகளுள் முதன்மையாகக் கருதத்தக்கது அரியானாவின் பல்லப்கர் கிராமப் பகுதியில் நடைபெற்ற இந்திய-அமெரிக்க ஆய்வாகும். அங்கு 55 வயதைக் கடந்த 5,126 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் 100-க்கு 73 பேர் எழுத்தறிவற்றவர். வாக்கியம் எழுதுக, தொடர்ந்து கழித்தல் செய்க என்று கேட்கும் மேலைநாட்டு வினாத்தாள் இவர்களிடம் பயன்படாது. எழுத்தறியாமை மறதியாகக் கணக்கிடப்பட்டுவிடும். ஆகவே, வாய்மொழியாகவே விடையளிக்கத்தக்க இந்தி வினாத்தாள் ஒன்று புதிதாக வகுக்கப்பட்டது. இன்று கணக்கெடுப்புக்குச் செல்லும் எந்த அலுவலரும் இதனை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

அங்கு 65 வயதைக் கடந்தோரில் முதுமை மறதி 100-க்கு 1.36 என்ற அளவிலேயே இருந்ததாக 1998ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அல்சைமர் நோய் புதிதாகத் தோன்றும் வீதம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 4.7, ஒப்பிடப்பட்ட பென்சில்வேனியாவின் மோனோங்கஹேலா பள்ளத்தாக்கிலோ 17.5. ஈ-4 மரபணுவின் விகிதமும் பல்லப்கரில் குறைவு: 100-க்கு 7. அமெரிக்கப் பகுதியில் 11. ஆயினும் ஈ-4 உடையவருக்கு நோய் வரும் வாய்ப்பு இரு இடங்களிலும் ஒரே அளவில் கூடியிருந்தது. காய்கறி உணவு உண்பவரின் மூளையிலும் பழுதான வண்டி பழுதான வண்டியே.

பல்லப்கரின் 1.36-க்கும் 2023ஆம் ஆண்டின் 7.4-க்கும் இடையே உள்ள தூரம் வாசகரை உறுத்தக்கூடும். ஒரே வட்டாரத்தையும் நாடு முழுவதையும், இருவேறு அளவுகோல்களையும் நேராக ஒப்பிடுவது முறையன்று. பல்லப்கர் ஆய்வாளர்களே மக்களின் குறுகிய ஆயுளையும் கண்காணிப்புக் காலம் குறைவென்பதையும் சுட்டிக்காட்டியுள்ளனர். ஆயினும், இந்தியக் கிராமத்தவருக்கு மறதி வராது என்று ஒரு காலத்தில் எழுந்த ஆறுதலுக்கு இனி இடமில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

2024ஆம் ஆண்டில் லான்செட் ஆணையம், முதுமை மறதிக்கு மாற்றத்தக்க காரணிகள் 14 எனப் பட்டியலிட்டது. நடுவயதில் உயரும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. உலக அளவில் நோயாளிகளில் 100-க்கு 7 பேர் இதனோடு தொடர்புடையோர் என்பது அதன் கணிப்பு. செவிப்புலன் இழப்புக்கும் அதே 7 தரப்பட்டுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, நம் நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் 100-க்கு 20.9 பேருக்கு எல்.டி.எல். உயர்ந்திருக்கிறது. தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ் 30 வயதைக் கடந்தோர் அனைவருக்கும் இரத்த அழுத்தம், நீரிழிவு, மூன்று வகைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான சோதனை வகுக்கப்பட்டுள்ளது. இவ்வைந்தில் கொலஸ்ட்ரால் இடம் பெறவில்லை. எல்லா ஊர்களிலும் ஆய்வக வசதியை எதிர்பார்க்க இயலாது என்பது உண்மையே; எனினும் இரத்த அழுத்தமோ நீரிழிவோ கண்டறியப்பட்டவர்க்கேனும் ஒருமுறை கொலஸ்ட்ராலை அளந்து பார்ப்பது இயலாத செயலன்று. செலவும் அறுபது வயதில் செய்வதைவிட நாற்பதில் செய்தால்தான் பயன் தரும்.

அபோ-ஈ வகையை அறியும் சோதனை இன்று தனியார் ஆய்வகங்களில் விலைக்குக் கிடைக்கிறது. மறதிக்கு அஞ்சும் நலமான ஒருவர் அதனைச் செய்துகொள்ளத் தேவையில்லை. ஈ-4 உடையோர் பலர் முதுமை முழுவதும் தெளிந்த நினைவோடு வாழ்கின்றனர். ஈ-4 இல்லாதோருக்கும் நோய் வருகிறது. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானெமாப் போன்ற அமிலாய்டு நீக்கும் மருந்தைக் கொடுக்க எண்ணும் மருத்துவருக்கு மட்டும் அம்முடிவு தேவைப்படும். இரண்டும் ஈ-4 ஆக அமைந்தோருக்கு அம்மருந்தால் மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் நேரும் வாய்ப்பு மிகுதி.